மிதந்த அரிசி

எங்கள் வீட்டில் அரிசியைச் சந்தேகப்பட வைத்தவர் மாமா. அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். காரைக்குடியில் செல்போன் கடையில் வேலை என்பதால் ஊர்ச்செய்தியெல்லாம் அவருக்கு முதலில் வந்துவிடும். பொய்யாக இருந்தால் இன்னும் முந்தி வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேஷன் அரிசியைச் சட்டித் தண்ணீரில் போட்டுக் காட்டினார். சில மணிகள் மட்டும் மிதந்தன. மற்றதைவிட வெளுப்பு, எல்லாம் ஒரே அளவு.

“பாத்தியாக்கா, பிளாஸ்டிக்கு. இதத் தின்னுதேன் நீ இப்பிடி வெளுத்துப் போயிருக்க.”

அம்மா மறுக்கவில்லை. மறுக்கவும் தெம்பு வேண்டுமே. பிள்ளையார்பட்டியில் அர்ச்சனைத் தட்டுக் கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு, பஸ் கம்பியைப் பிடித்தபடியே தூங்கிக்கொண்டு நாச்சியாபுரம் வந்து இறங்குவாள். ரத்தம் கம்மி என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை வயிற்றைப் புரட்டியதால் நிறுத்திவிட்டிருந்தாள். செத்துப்போய்விடுவாளோ என்று எனக்கு ஓயாத பயம்.

அப்போது நாலாம் வகுப்பு படித்தேன். பள்ளிக்குக் கிளம்புமுன் சொளகில் அரிசியைப் பரப்பி, அந்தப் போலி மணிகளைப் பொறுக்கிக் கிண்ணத்தில் போடுவது என் வேலையாயிற்று. மிச்சத்தை மாமா களைந்து வடிப்பார். சாயங்காலம் கிண்ணம் கோழிக்குப் போகும். கோழிக்குக் கல்லே செரிக்கும் என்றார் மாமா. அம்மா வெளுக்க வெளுக்க நாங்கள் இன்னும் கவனமாகப் பொறுக்கினோம். “எம் மக கண்ணுக்கு ஒண்ணு தப்பாது” என்று அவள் கடையில் பெருமை பேசிக்கொண்டாள்.

அந்தக் கடையிலேயே ஒருநாள் மயங்கி விழுந்தாள். ரத்தம் ஏற்றினார்கள். நான் ஆஸ்பத்திரி பெஞ்சில் தூங்கிப்போனேன். அந்த நேரத்தில்தான் நர்சம்மா, என்ன சாப்பிடுறீக என்று விசாரித்திருக்கிறார். மாமா மணி பொறுக்குவதையும் சொல்லியிருக்கிறார். அரிசி மாவில் இரும்புச் சத்தைச் சேர்த்து, அரிசி போலவே செய்து, ரத்தம் குறைந்தவர்களுக்காகக் கலந்து அனுப்பும் மணி அது என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறார். இதெல்லாம் நான் வெகுநாள் கழித்துத் தெரிந்துகொண்டது.

அம்மா வீடு திரும்பிய மறுநாள் காலை, வழக்கம்போல் பொறுக்கிவைத்தேன். மாமா வந்து உட்கார்ந்தார். கிண்ணத்தையே பார்த்தார். பிறகு அதை எடுத்து ஒரு மணி விடாமல் உலையில் கொட்டினார்.

“மாமா, அம்மாவக் கொல்லாதீக!”

பாய்ந்து அவர் கையைக் கடித்தேன். அவர் கையை உதறவில்லை. குலுங்கிக் குலுங்கி அழுதார். கடித்த இடம் வலிக்கிறதாக்கும் என்று இன்னும் அழுத்திக் கடித்தேன்.