நூற்றுப் பதினெட்டு நாள்

அளவு நாடாவின் ஒரு முனையை வாடிக்கையாளரிடமே நீட்டிவிட்டு இரண்டடி தள்ளி நிற்கிறார் சேதுராமன். "தோள்ல வைங்க... இன்னுங் கொஞ்சம் மேல... அவ்வளவுதான்." கண்டி மஹய்யாவயில் பள்ளிச் சீருடை தைக்கும் இவர் யாரையும் நெருங்கி அளவெடுப்பதில்லை. ஊரே மறந்துபோன முகக்கவசம் இவர் முகத்தில் இன்னும் இருக்கிறது. தேநீர் குடிக்கக்கூடக் கடைக்குப் பின்னால் போய்விடுவார்.

சில வருடங்களுக்கு முன் இரண்டு கிட்னியும் பழுதானபோது, நாவலப்பிட்டியில் இருக்கும் தங்கை பாலம்மா தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். உடம்பு அதை அந்நியமென்று ஒதுக்காதிருக்க, எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் மாத்திரைகளைக் காலையும் மாலையும் விழுங்குகிறார்.

அந்த உடம்பில்தான் கொரோனா வந்து புகுந்தது. பத்து நாளில் காய்ச்சல் விட்டது. லேசான இருமல் மட்டும் போகவில்லை. சொன்னால் மறுபடி வார்டில் போட்டுவிடுவார்கள் என்று கிளினிக்கில் வாயைத் திறக்கவில்லை. "பனி இருமல்னு நெனச்சேன். இல்ல... அப்படி நெனச்சுக்கிட்டேன்."

காய்ச்சல் வந்த நாலாம் மாதம் பாலம்மாவின் மகள் கல்யாணத்துக்குப் போய் மூன்று நாள் தங்கினார். மறுவாரம் பாலம்மா மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

அப்போதுதான் இவரையும் சோதித்தார்கள். நூற்றுப் பதினெட்டாம் நாளிலும் கிருமி உள்ளே இருந்தது. கிளினிக் டாக்டர் மஸாஹிரா மறைக்காமல் சொன்னார்: "மத்தவங்க உடம்பு சீக்கிரம் விரட்டிடும். உங்க உடம்பால ஏலாமப் போச்சு. உள்ளுக்கே தங்கிப் பெருகப் பெருக அது கொஞ்சங் கொஞ்சமா மாறியிருக்கு. அதே மாற்றமெல்லாம் உங்க தங்கச்சிகிட்டயும் இருக்கு. வேற யார்கிட்டயும் நாங்க காணல."

பாலம்மா பிழைத்தாள். அவளிடம் மிச்சமிருந்த ஒற்றைக் கிட்னி பிழைக்கவில்லை.

"அவ குடுத்தத அவளுக்கே திருப்பி வைக்க ஏலாதா டாக்டர்?"

ஏலாது என்றார் டாக்டர்.

"தெரிஞ்சுதான் வந்தீங்களா அண்ணே?" என்று பாலம்மா கேட்டாள்.

"இருமல் இருந்தது தெரியும்மா."

ஒரு மாதம் அவள் பேசவில்லை.

அவருடைய சோதனையில் கிருமி இல்லையென்று வந்து நாளாகிறது. இப்போது வாரத்தில் இரண்டு நாள் கடையைப் பூட்டிவிட்டு, கண்டியில் டயலிசிஸ் முடிந்தவளை நாவலப்பிட்டி பஸ்ஸில் வீடு சேர்க்கிறார். அவள் சன்னலோரம் கண்ணயர்கிறாள். இவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கம்பளை தாண்டி ஒரு பள்ளத்தில் பஸ் தூக்கிப் போடும்போது, கண்ணைத் திறக்காமலே அவள் கை நீண்டு, கிட்னி வைத்துத் தைத்த அவருடைய வலது அடிவயிற்றைப் பொத்திக்கொள்கிறது.