எண் போடாத துணி

போன மாதம் ஓர் ஓவியச் சந்தையின் அழைப்பிதழ் தபாலில் வந்தது. வழவழப்பான அட்டை. ‘போர்’ என்ற சொல் அதில் நான்கு இடத்தில் இருந்தது, ‘மண்’ என்ற சொல் ஆறு இடத்தில். எண்ணிவிட்டுக் கிழித்தேன். எண்ணாமல் எதையும் விடுகிற பழக்கம் எனக்கு இல்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு முறை ஒன்றை எண்ணாமல் விட்டேன். அந்தக் கோபம் இத்தனை வருடமாகியும் தணியவில்லை.

உத்திரமேரூரில் பள்ளிக்கூட ஓவிய ஆசிரியராக இருந்தேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் என் சட்டைகளைத் தைக்கும் தையற்காரர் ஒருவர் கடை வைத்திருந்தார். ஒவ்வொரு மார்கழியிலும் மாகறலிலிருந்து ஓர் அம்மாள் அவரிடம் வருவார். கழனி வேலை செய்கிறவர். ஒரே ஒரு சட்டைக்குத் துணி கொடுப்பார். அளவு எடுக்க ஆள் யாரும் கூட வந்ததில்லை. தையற்காரர் பழைய நோட்டைப் புரட்டி, அதே அளவைப் பார்த்துத் தைத்துக் கொடுப்பார். மார்பு முப்பத்தெட்டு, கை இருபத்து நாலு.

“அளவு மாறாதா?” என்று ஒரு முறை கேட்டேன்.

“செத்தவன் பெருக்கறதும் இல்ல, இளைக்கறதும் இல்ல சார்,” என்றார் அவர். “ஆனா காலர் மட்டும் மாறும். ஊரே பெரிய காலர் வெச்சிக்கினு திரியுது, எம்புள்ள மட்டும் பழைய காலர்ல நிக்கணுமான்னு அந்தம்மா சண்டைக்கு வருது.”

அந்த அம்மாளின் மகன் எழுபத்தொன்று டிசம்பரில் மேற்கு எல்லையில் நடந்த போரில் இறந்தவன். உடல் வரவில்லை. தந்தியும், பிறகு ஓர் இரும்பு டிரங்குப் பெட்டியும் வந்தன. எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் பொங்கலுக்கு முந்தின நாள் இறந்தவர்களுக்குப் புதுத்துணி வைத்துப் படைப்பார்கள். கற்பூரம் காட்டிய பிறகு வீட்டில் ஒருவர் அதை எடுத்து உடுத்திக்கொள்வார். அந்த அம்மாள் வீட்டில் ஆண்பிள்ளைச் சட்டை போட ஆள் இல்லை. அதனால் படைத்த சட்டையெல்லாம் மடிப்புக் கலையாமல் அந்த டிரங்குப் பெட்டிக்குள்ளேயே போயின.

எண்பத்து நான்காம் வருடம் பொங்கல் கழிந்து சில நாளில் எனக்கு மெட்ராசிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பெரிய ஓவியச் சந்தை நடத்துகிறார்கள், இந்த முறை கருப்பொருள் ‘மண்ணும் போரும்’, வெளியூர் ஓவியர்களுக்கும் இடம் உண்டு என்றது. முந்தின ஆடியில் கடலுக்கு அப்பால் தமிழர்களுக்கு நடந்ததைப் பற்றித்தான் அப்போது ஊர் முழுக்கப் பேச்சு. நகரத்து ஓவியர்களுக்குப் போர் என்ற ஒன்று இருப்பது அந்த வருடம்தான் தெரியவந்தது போலும். எங்களிடமோ அது பன்னிரண்டு வருடமாக ஒரு பெட்டிக்குள் மடித்து இருக்கிறது. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு மாகறலுக்குப் போனேன்.

விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மாள் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே வைத்தார். நீலம், கட்டம் போட்டது, டெர்லின், நாய்க்காது மாதிரிக் காலர் வைத்தது. நான் எண்ணிக்கொண்டே வந்தேன்.

“அம்மா, எழுபத்தி ரெண்டு பொங்கல்லேருந்து இந்தப் பொங்கல் வரைக்கும் பதிமூணு இருக்கணும். பன்னெண்டுதான் இருக்குது.”

“எழுவத்தி மூணுல வெக்கல சார்.”

“ஏன்?”

“மொத வருஷம் தந்தி வந்துச்சு, அழுதோம், படைச்சோம். அப்பறம் லீவுல வந்த பட்டாளத்தான் ஒருத்தன், உம்புள்ளய உசுரோட புடிச்சிக்கினு போனத என் கண்ணால பாத்தேன்னான். புடிச்சிக்கினு போனவங்கள்லாம் திரும்பி வந்துக்கினு கீறாங்கன்னு பேப்பர்லயும் போட்டான். உசுரோட கீறவனுக்கு யாராச்சும் படைப்பாங்களா? வெக்கல. அடுத்த ஆடியில, அவன் பாத்தது வேற ஆளுன்னு லெட்டரு வந்துச்சு.”

நான் சும்மா இருந்திருக்கலாம். “அப்போ விட்டுப்போனதையும் சேர்த்தா பதிமூணு,” என்று வாய்க்குள் சொன்னேன்.

அவர் சட்டென்று கையை நீட்டித் தடுத்தார். “அத மட்டும் எண்ணாத சார். அந்த வருஷம் அவன் உசுரோட இருந்தான்.”

படம் வரையச் சம்மதித்தார். ஒரு நிபந்தனை போட்டார். “அந்த வருஷத்தயும் வெக்கணும். சட்ட இல்லாம வெறுமயா வெச்சாலும் சரி, வெக்கணும். நீ மெட்ராசுல மாட்டினப்பறம் நான் வந்து பாப்பேன். அது இல்லன்னா ஒண்ணுமே வேணாம்.” வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

பள்ளி விட்ட பிறகு தினமும் இரண்டு மணி நேரம், ஐம்பத்தாறு நாள். முரட்டுக் காடாத் துணியில் மூன்றடி அகலம், நாலடி உயரத்தில் பதிமூன்று துண்டு. தையற்காரர் எல்லாவற்றுக்கும் பச்சை நூலில் ஓரம் அடித்துக் கொடுத்தார். எல்லாவற்றிலும் மூன்று பூச்சு வெள்ளை. பன்னிரண்டில் ஒவ்வொரு சட்டை, கொடியில் தொங்குவது போல, உண்மையான அளவில். இரண்டாவதாக வர வேண்டிய துண்டில் கொடியை மட்டும் பென்சிலால் மெல்லிய கோடாக இழுத்தேன். வேறு ஒன்றும் இல்லை. வரிசை மாறாமலிருக்கப் பின்புறம் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் போட்டேன். வெற்றுத் துண்டுக்கு எண் போடவில்லை. பென்சிலை எடுத்தேன், அந்த அம்மாளின் கை ஞாபகம் வந்தது, வைத்துவிட்டேன்.

சந்தை தொடங்குவதற்கு முந்தின நாள் பஸ் மேல் ஏற்றிக்கொண்டு போய் மெட்ராசில் கொடுத்தேன். முதல் துண்டு, அப்புறம் வெற்றுத் துண்டு, அப்புறம் எண் இரண்டு என்று மூன்று தடவை சொன்னேன். வாங்கிக்கொண்டவர் மூன்று தடவையும் தலையாட்டினார், மூன்று தடவையும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. பள்ளியில் முழு ஆண்டுப் பரீட்சை. கூட இருந்து மாட்ட எனக்கு லீவு கிடையாது. திரும்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாளை அழைத்துக்கொண்டு போனேன். மாகறலிலிருந்து காஞ்சிபுரம், அங்கே பஸ் மாறி மெட்ராஸ். துவைத்த சேலை, முந்தானை முடிச்சில் ஒரு கற்பூர வில்லை. “அங்க கொளுத்த விடுவாங்களா சார்?” என்று இரண்டு முறை கேட்டார்.

வாசலுக்கு நேரே இருந்த பெரிய கூடத்தில் ‘போர்’ என்று எழுதியிருந்தது. எங்களுடையதும் அங்கேதான் இருக்கும் என்று நுழைந்தோம். நாற்பத்தொரு படங்கள். இருபத்து மூன்றில் முள்கம்பி, ஒன்பதில் இரும்புத் தொப்பி, கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் குடம் குடமாகச் சிவப்பு. அவற்றின் முன்னால் நின்று காபி குடித்தவர்களும் இருந்தார்கள். அந்த அம்மாள் ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் யாரு வூட்டு ஆளுங்க சார்?” என்று கேட்டார். பக்கத்தில் போட்டோ பிடித்துக்கொண்டிருந்த பத்திரிகைக்காரர் கேமராவை இறக்கிவிட்டு எங்களைப் பார்த்தார்.

எங்களை வைத்திருந்தது பின்னால், ‘வட்டாரம்’ என்ற கொட்டகையில். ஒரு பக்கம் சுடுமண் குதிரை, மறு பக்கம் கோல அட்டை. நடுவில் சட்டைகள். எண்ணினேன். பன்னிரண்டு. ஒன்றோடொன்று ஒட்டி, சலவைக்காரர் கொடி மாதிரி நெருக்கி மாட்டியிருந்தார்கள். முதல் சட்டைக்கும் இரண்டாவது சட்டைக்கும் நடுவே ஒரு விரல் வைக்க இடமில்லை.

“அது எங்க சார்?” என்றார் அந்த அம்மாள்.

நான் தடுப்புக்குப் பின்னால் பார்த்தேன், மேசைக்கு அடியில் பார்த்தேன். நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது. நுழைவாயிலுக்கு மேலே பெயர்ப் பலகையாக ஒரு வெள்ளைத் துணி. ஓரத்தில் பச்சை நூல். அதில் தடித்த நீல எனாமல் எழுத்துக்கள். எழுதினவர் நல்ல தொழில் தெரிந்த ஆள். எல்லா எழுத்தும் வளையாமல் ஒரே நேராக உட்கார்ந்திருந்தன, நான் பென்சிலால் இழுத்த கொடியின் மேல்.

அந்த அம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அண்ணாந்து பார்த்தார். முகம் கொஞ்சம் மலர்ந்தது. “எம்புள்ள பேர எழுதிக்கீறாங்களா?”

“இல்லம்மா. ஊர் பேரு.”

“மாகறலா?”

“காஞ்சிபுரம். காஞ்சிபுரம் கிராமியக் கலைன்னு எழுதியிருக்குது.”

“காஞ்சிபுரமா? அது நாம பஸ்சு மாற எறங்கற ஊராச்சே!”

அப்போது எங்களுடையது செங்கல்பட்டு மாவட்டம். சந்தைக்காரர்களுக்கு அதுகூடத் தெரியாது, அல்லது தெரிந்தும் வேண்டாம். பட்டுக்குப் பேர்போன ஊராக இருந்தால் பார்க்க வருகிறவர்கள் நிற்பார்கள். அமைப்பாளரைத் தேடிப் பிடித்தேன். கதர் ஜிப்பா, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி.

“வாங்க மாஸ்டர்! உங்க சட்டைங்க ரொம்ப கலர்ஃபுல். எல்லாரும் நின்னு பாக்கறாங்க. ஆனா உங்க ஊர்னா பட்டு, கல்வெட்டு, குடவோலை, எவ்ளோ இருக்கு! அதுல ஒண்ணு போட்டிருந்தா வட்டார அடையாளம் இன்னும் தூக்கலா இருந்திருக்கும்.”

“இது போர்ல செத்தவன் சட்டை. போர்க் கூடத்துல ஏன் வைக்கல?”

“எந்தப் போர்?”

“எழுபத்தொண்ணு.”

அவர் பொறுமையாகச் சிரித்தார். “அதெல்லாம் ஆறிப்போன விஷயம் மாஸ்டர். இப்ப போர்னா ஜனங்க மனசுல வேற ஓடுது. அதுவும் உங்க படத்துல போரே தெரியலியே? துணி காயற மாதிரி இருக்கு.”

நான் கத்திவிட்டேன். பள்ளிக்கூடத்தில்கூட அப்படிக் கத்தியதில்லை. உடம்பே இல்லாமல் ஒரு பெட்டி வந்த வீட்டில் போர் எப்படித் தெரியும், இந்தத் துணியில் தெரிந்த மாதிரிதான் தெரியும், அதன் மேல் பெயிண்ட் அடித்திருக்கிறீர்கள் என்று கத்தினேன். கோலக்காரர்கள் எழுந்து வந்தார்கள்.

அமைப்பாளருக்கும் முகம் சிவந்தது. “சும்மா சத்தம் போடாதீங்க. பின்னாடி எண் போட்டு அனுப்பினது நீங்க. பன்னெண்டுக்கு எண் இருக்கு, அதுக்கு இல்ல. உபரித் துணி, போர்டுக்குன்னு அனுப்பியிருக்கீங்கன்னு நெனச்சாங்க. எண் இருந்திருந்தா மாட்டியிருப்பாங்க. இப்ப என்ன, அதே சைஸ்ல வேற வெள்ளைத் துணி தரச் சொல்றேன்.”

அவர் சொன்னது பொய்யில்லை. சாக்பீஸ் துண்டுகளைக்கூட எண்ணிப் பெட்டியில் வைக்கிறவன் நான். மூன்று தடவை வாயால் சொன்னதற்குப் பதிலாக ஒரு புள்ளியாவது வைத்திருக்கலாம். ஒரு வட்டம் போட்டிருக்கலாம். என் மேல் வந்த கோபத்தையும் சேர்த்து அவர் மேலேயே காட்டினேன். எல்லாவற்றையும் கழற்றுங்கள், எடுத்துக்கொண்டு போகிறேன் என்றேன். கடைசி நாள் வரை எதையும் எடுக்கக்கூடாது, கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்றார்.

அந்த அம்மாள்தான் குறுக்கே வந்தார். அமைப்பாளரைப் பார்க்கவில்லை, என்னிடம்தான் பேசினார்.

“சட்டைங்க இங்கியே இருக்கட்டும் சார். அதெல்லாம் செத்தவனோடது, எங்க இருந்தா இன்னா? அத மட்டும் எறக்கிக் குடு. உசுரோட இருந்தவன இவங்ககிட்ட விட்டுட்டுப் போவ மாட்டேன்.”

முக்காலி போட்டு ஏறி, நான்கு ஆணியைப் பிடுங்கி இறக்கினேன். அமைப்பாளர் ஏதோ சொல்ல வந்தார், சுற்றி நின்றவர்களைப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அந்த அம்மாள் முந்தானையை எச்சில்படுத்தி ஓர் எழுத்தைத் தேய்த்துப் பார்த்தார். எனாமல் பெயிண்ட், போகவில்லை. எழுத்து உள்பக்கம் வரும்படி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கற்பூர வில்லை முடிச்சிலேயே இருந்தது.

போவதற்கு முன் நான் முதல் சட்டையை விட்டுவிட்டு மற்ற பதினொன்றையும் கழற்றி, மூன்றடி தள்ளித் திரும்ப மாட்டினேன். கடைசிச் சட்டை கோலக்காரர் பக்கம் போயிற்று. அவர் அட்டைகளை ஒதுக்கி இடம் கொடுத்தார். முதல் சட்டைக்கும் இரண்டாவதற்கும் நடுவே வெறும் தடுப்புப் பலகை. அந்த அம்மாள் அதன் எதிரில் நின்று, “ம், கீது,” என்றார். காஞ்சிபுரத்தில் பஸ் மாறும்போது மட்டும் ஒரு முறை பேசினார்: “துணி கெட்டுப்போச்சேன்னு நீ வருத்தப்படாத சார். அந்த வருஷமும் கடேசியில கெட்டுத்தான் போச்சு.”

ஏழு நாள் கழித்து, கடைசி நாளன்று சட்டைகளை எடுக்கப் போனேன். இடைவெளியை மூடவில்லை. அங்கே ஒரு மின்விசிறியைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள், காலியாக இருந்த இடம் அது ஒன்றுதானாம். அது தலையைத் திருப்பித் திருப்பி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கத்துச் சட்டைகளும் படபடத்தன. நான் போய் அணைத்தேன்.

“யோவ், புழுங்குதுய்யா, போடு!” என்று சுடுமண் குதிரைக்குப் பக்கத்திலிருந்து யாரோ குரல் கொடுத்தார்.

போடவில்லை. விசிறியை இழுத்து வெளியே தள்ளிவிட்டு, மாலை ஐந்தரைக்குக் கொட்டகையை மூடும்வரை அந்த மூன்றடியில் யாரும் எதையும் வைக்காதபடி அதன் முன்னால் நின்றேன்.