கீழையூரான் வீட்டுத் தீட்டு

செனாயில் நாங்கள் போகும் கிளினிக்கில் என் மகன் பெயரைக் கூப்பிடும் மலாய்த் தாதிக்கு ஒவ்வொரு முறையும் சந்தேகம்தான். திரையில் ஆண் குழந்தை என்று இருக்கும். எதிரே இரட்டைச் சடையோடு ஒன்று வந்து நிற்கும். சாமிக்கு நேர்ந்த முடி என்று சொல்லுமளவுக்கு எனக்கு மலாய் வராது. ஒருநாள் தலையைக் காட்டி, கும்பிடுவதற்கு அவர்கள் சொல்லும் "செம்பாயாங்" என்றேன். முடியையே கும்பிடுகிறவர்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ, அன்று அவன் தலையில் கை படாமல், மிகுந்த மரியாதையோடு எடை பார்த்து அனுப்பினாள்.

சிவகங்கைப் பக்கத்தில் பிறந்தவள் நான். எங்களுக்குப் பிள்ளையின் முதல் முடி அப்பன் வீட்டுக் குலசாமிக்குச் சொந்தம். கல்யாணமாகி ஜோகூர் வந்து, பிள்ளையும் பெற்று, அவனுக்கு ஒரு வயதாகும்போதுதான் கேட்டேன்: உங்கள் குலசாமி எது? வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. இங்கே பலரும் பக்கத்திலிருக்கும் முருகன் கோயிலில் மொட்டை போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். எனக்குத்தான் பிடிவாதம். சாமி யாரென்று தெரியாமல் முடி இறக்கமாட்டேன் என்று நின்றேன்.

கையிலிருந்த ஒரே தடயம் பெயர். மாமனாரின் தாத்தா கப்பலேறி பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர். ஊரை வைத்து எல்லோரும் அவரைக் கீழையூரான் என்று கூப்பிட, அதுவே குடும்பப் பெயராகி என் மகன் வரைக்கும் வந்துவிட்டது. "நீதாம்மா ஊர்லேருந்து வந்தவ. கீழையூரு எங்க இருக்குன்னு உனக்குத் தெரியாதா?" என்றார் மாமனார். தேடினால் மாவட்டத்துக்கு மாவட்டம் ஒரு கீழையூர் இருந்தது. அதுவரை குலசாமியைப் பற்றி நினைத்தே பார்க்காத மனிதர், அன்றிலிருந்து சாப்பிடும்போதும் அதே பேச்சாக இருந்தார்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் கணவர் மரபணுச் சோதனைப் பெட்டிகள் இரண்டு வாங்கி வந்தார். குடும்பப் பெயர் அப்பனிடமிருந்து மகனுக்குப் போவதுபோல ரத்தத்திலும் ஆண்வழி அடையாளம் ஒன்று போகிறதாம். அதே அடையாளம் உள்ளவர் எந்தக் கீழையூரிலாவது இருந்தால் ஊர் பிடிபட்டுவிடும். ஒரே வழியில் வந்த இரண்டு ஆண்கள் கொடுத்தால் இன்னும் உறுதி. குழாயில் துப்ப மாமனாருக்கு எச்சிலே ஊறவில்லை. நான் புளியைக் கண்ணில் காட்டி ஊறவைத்தேன். அவருடைய சித்தப்பா மகன், பெக்கோக்கில் இருக்கும் என் சின்ன மாமா, சர்க்கரைக்குப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக் குழாய் நிறையத் துப்பிக் கொடுத்தார்.

முடிவு வந்தது. ஊரைக் கேட்டால் தென்னிந்தியா என்றது. கண்ணாடியைப் பார்த்தாலே அது தெரியும். ஆனால் கூடவே இன்னொன்றும் இருந்தது. மாமனாருக்கும் சின்ன மாமாவுக்கும் ஆண்வழியில் ஒட்டே இல்லை. என் கணவர் அதை இரண்டு தடவை படித்தார். மாமனார் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். அவர் மனம் எங்கெங்கே போயிருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். கேட்கத்தான் துணிச்சல் இல்லை. எழுபது வருடமாகச் சுமந்த பெயர் தன்னுடையது இல்லையோ என்ற பயம் அந்த முகத்தில் இருந்தது. இதையெல்லாம் கிளப்பிவிட்டவள் நான்.

"தம்பிகிட்ட மறைக்க முடியாது" என்று அவரே பெக்கோக்குக்குக் கிளம்பினார். நாங்களும் கூடப் போனோம். சின்ன மாமா முழுவதையும் கேட்டுவிட்டு, அதுவா என்றார். ஜப்பான்காரன் காலத்தில், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் கீழையூரானுக்குப் பக்கத்து வீட்டுக்காரரைச் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துப் போனார்களாம். அவர் திரும்பவில்லை. மனைவியும் காய்ச்சலில் போய்ச் சேர, அநாதையாக நின்ற பிள்ளை கீழையூரான் வீட்டில் சாப்பிட்டு, அங்கேயே படுத்து, அவர் மகனாகவே வளர்ந்தது. அந்தப் பிள்ளைதான் மாமனாரின் அப்பா. தன் அப்பா சொல்லித் தனக்குத் தெரியும், அண்ணனுக்கும் தெரிந்திருக்கும் என்றே இத்தனை நாள் நினைத்தாராம்.

மாமனார் தலையை நிமிர்த்தவே இல்லை. சின்ன மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"அண்ணே, நான் செத்தா உங்க வீட்ல பதினாறு நாளைக்கு விளக்கு ஏத்தக்கூடாது. டெஸ்ட்ட காட்டித் தப்பிச்சுக்கலாம்னு பாக்காதீங்க லா."

மாமனாருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எனக்கு அழுகை மட்டும்தான் வந்தது. திரும்பி வரும் வழியில் அவர், கீழையூரான் இருந்த தோட்டத்து முனியாண்டிதான் நம் சாமி, பிள்ளைக்கு அங்கேயே முடி இறக்கலாம் என்றார். நானும் சரி என்றேன்.

ஆவணியில் நாள் குறித்தோம். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் மொட்டை போடவேண்டும் என்பதால் ஊரிலிருந்து என் அண்ணன், மில்லில் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கி டிக்கெட்டும் எடுத்துவிட்டான். அந்த வாரம் சின்ன மாமா மாரடைப்பில் போய்விட்டார். மாமனார் முன்னால் நின்று எல்லாக் காரியமும் செய்தார். வீட்டுக்கு வந்ததும் நான் பூசையறையைச் சாத்தினேன்.

அம்மா வீடியோவில் கூப்பிட்டாள். "ரத்தமே இல்லைன்னு டெஸ்ட்லயே வந்துருச்சுங்கிற. அப்புறம் என்னடி தீட்டு? அண்ணனுக்கு இன்னொரு தடவ லீவு குடுப்பானா? அவன் மடி இல்லாமயா பிள்ளைக்கு முடி எடுக்கப்போற?"

அவள் கேட்டதில் தப்பில்லை. சாமி, பங்காளி, தீட்டு எல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். அண்ணனின் ஆசை முகம் வேறு கண்ணுக்குள் நின்றது.

"பங்காளி செத்துருக்காரும்மா" என்றேன்.

திரையில் அம்மாவுக்குப் பின்னால் எங்கள் வீட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இங்கே எங்கள் வீட்டு விளக்கு துடைத்துக் கவிழ்த்து வைத்திருந்தது.