பாதித் துளை விழுந்த வில்லை

என் தம்பி கிளாட்வின் வென்றவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏழு வயதில் டைபாய்டு. கோயில் சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குக் கொடுக்கும் அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிட்டுப் போன பிறகு பிழைத்தான். இருபத்தொன்பதில் தோணியின் பாய்மரம் முறிந்து வலது காலில் விழுந்தது. காலை எடுத்துவிட வேண்டும் என்றார்கள், அந்தக் காலோடுதான் இன்றும் நடக்கிறான். 1978-இல் பாளையங்கோட்டையில் நடந்த நாணயக் கண்காட்சியில் கல்லூரி வாத்தியார்கள் இரண்டு பேரையும் ஒரு டாக்டரையும் தாண்டி முதல் பரிசு வாங்கினான். பள்ளிக்கூடத்துக்கு மொத்தம் மூன்று நாள் போனவன். இவற்றுக்கு நடுவில் ஒரு விசாரணை வந்தது. நான் எழுத உட்கார்ந்தது அதைத்தான்.

நான் பிலோமினா. அவனுக்கு ஐந்து வயது மூத்தவள்.

கால் அடிபட்ட பின் கடல்வேலை போய்விட்டது. ஆவுடையப்பன் அண்ணாச்சியின் பழைய இரும்புக் கடையில் பித்தளையையும் செம்பையும் பிரிக்கும் வேலைக்குச் சேர்ந்தான். 1974-இல் ஒரு நாள் அந்தக் குவியலில் கறுத்துப்போன செம்பு வில்லை ஒன்று கிடைத்தது. நாலணா அளவு. ஒரு பக்கம் நங்கூரமும் ஓர் எண்ணும் அடித்திருந்தது, மறுபக்கம் முத்திரை ஏதுமில்லை. வில்லையில் ஒரு துளையும் இருந்தது. கடைக்கு வந்த பழைய தோணிக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் காட்டிக் கேட்டான். பிறகு கடற்கரைத் தெருக்களில் வீடு வீடாக ஏறி இறங்கினான். சாவிக்கொத்தில் தொங்கியது, பெட்டி ஆடாமலிருக்க அடியில் கொடுத்தது, பிள்ளைகள் சில்லு விளையாடியது என்று நாற்பத்துமூன்று சேர்த்தான். ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதத்தில் மடித்து, அதன் எண்ணைப் பார்த்து மேலே வரைந்து, ஒரு தகர டப்பாவில் வைத்துப் பூட்டினான்.

பூட்டியதுதான் வினை. தெரு முழுக்கப் பேச்சு. பக்கத்து வீட்டுக் கிருபை என்னிடமே கேட்டாள்.

"ஏளா பிலோமினா, ஒன் தம்பி செல்லாத காச வாங்கிட்டு நல்ல காசு குடுக்கானாமே! எவனாவது செய்வானா? உள்ள என்னமோ இருக்கு."

"அவனுக்கு அதுல ஒரு கிறுக்கு, அவ்வளவுதான்."

"கிறுக்கனா அத்தன பெரிய பூட்டு போடுதான்?"

நான் அவளை ஏசி அனுப்பினேன். ஆனாலும் அன்றிலிருந்து அவன் டப்பாவைத் திறக்கும்போது அவன் முகத்தைக் கவனித்தேன். எமர்ஜென்சிக் காலம் அது. கடத்தல் என்று சந்தேகம் விழுந்தாலே போதும், கோர்ட்டுக்குக்கூடக் கொண்டுபோகாமல் உள்ளே போட்டுவிடுவார்கள். எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் அப்படிப் போய்த் திரும்பவில்லை.

லூர்து மாதா திருநாளுக்கு முந்திய நாள் வீட்டுப் பித்தளைச் சிலுவையான பாடுபட்ட சுரூபத்தையும் மெழுகுதிரித் தண்டுகளையும் புளிபோட்டு விளக்கினேன். டப்பா அன்று திறந்து கிடந்தது. கையோடு வில்லைகளையும் விளக்கிவிட்டேன். நாற்பத்துமூன்றும் புதுக் குத்துவிளக்குபோல மின்னின. அவன் வந்து பார்த்தான். அன்று அவன் சாப்பிடவில்லை. பழைய காசைத் துலக்கினால் அதன் வயது போய்விடும் என்பது எனக்கு அன்று தெரியாது.

ஒரு வாரம் கழித்து, யார் சொல்லி வந்தார்களோ, சுங்க அதிகாரிகள் வந்தார்கள். டப்பாவோடு அவனை ஆபீசுக்குக் கூட்டிப்போனார்கள். நானும் பின்னாலேயே போய் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு திறந்திருந்தது.

அதிகாரி தேவபிரசாதம் ஒரு வில்லையை விளக்குக்கு நேரே பிடித்தார்.

"இதை அடையாளமா காட்டினா கடத்தல் சரக்கு கைமாறும். அதானே? முன்னெல்லாம் கிழிச்ச நோட்டுல பாதி. இப்ப புதுசா இது."

"புதுசில்லைய்யா. வெள்ளக்காரன் சண்டைக் காலத்துல சில்லறை கெடைக்கல. தோணிக்காரங்க டீ குடிச்சா டீக்கடைக்காரன் மிச்சத்துக்கு இதத்தான் குடுத்திருக்கான்."

"முப்பது வருஷச் செம்பு இப்படியா மின்னும்?"

"எங்க அக்கா புளி போட்டு வெளக்கிட்டா."

உள்ளே யாரோ சிரித்தார்கள். 

"சரி. சண்டைக் காலத்துல செம்பே கிடைக்காதே. டீக்கடைக்காரனுக்கு மட்டும் எங்கே கிடைச்சுது?"

அந்தக் கேள்வியில் எனக்கே சந்தேகம் முழுசாக வந்துவிட்டது. மேஜைமேல் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் தாள் ஒன்று தயாராக இருந்தது, இங்கிலீஷில். அதில் அவன் பெருவிரல் விழுந்தால் முடிந்தது. தாளை அவன் பக்கம் நகர்த்தினார்கள். அவன் அதைத் தொடாமல் வில்லைகளைக் கவிழ்த்து வரிசையாக வைத்தான்.

"பின்பக்கத்தத் தடவிப் பாருங்கய்யா. அம்மத்தழும்பு மாதிரி குழி. முன்பக்கம் வழவழன்னு இருக்கு. இது கப்பல் அடியில அடிக்கிற செம்புத் தகடு. பலகைய ஒட்டி இருந்த பக்கம் வழவழப்பு, கடல் தின்ன பக்கம் குழி. புளி அழுக்கத்தான் எடுக்கும், குழிய எடுக்காது."

"துளை?"

"ஆணித்தொளை. ஒண்ணுல நடுவுல இருக்கு, ஒண்ணுல ஓரத்துல. இதப் பாருங்க."

பதினேழாம் எண் வில்லையை அவர் கையில் வைத்தான். துளை வில்லையின் விளிம்பிலேயே விழுந்து பாதி அறுபட்டிருந்தது.

"அடையாளத்துக்குத் தொளை போடுதவன் பாதித் தொளையா போடுவான்? ஆணி இருந்த எடத்தப் பாக்காம தகட வெட்டிருக்கான். கப்பல ஒடச்ச எடத்துல கெடச்ச தகடு. அதான் செம்பு வந்த வழி."

தேவபிரசாதம் பூதக்கண்ணாடி கொண்டுவரச் சொன்னார். நாற்பத்துமூன்றையும் பார்த்தார். சுற்றி நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள்.  ரொம்ப நேரம் ஆயிற்று. கடைசியில் அந்தத் தாளை நாலாகக் கிழித்தார். தமிழில் வேறொன்று எழுதச் சொன்னார்: இவை பழைய வில்லைகள், என் சொந்தச் சேகரிப்பு, நாற்பத்துமூன்றும் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

"கைநாட்டு வச்சிட்டுப் போ."

"வைக்க மாட்டேன்."

"ஏலே!" என்று நான் வாசலிலிருந்து கத்திவிட்டேன்.

"பொறு அக்கா. நான் மயங்கிக் கெடந்தாலும் எவனும் என் வெரலப் பிடிச்சு வச்சிரலாம். இது என் பொருளுங்குத தாளு. நானே எழுதித் தாரேன். நீ பேர மட்டும் ஒரு காயிதத்துல எழுதிக் காட்டு."

எழுதிக் கொடுத்தேன். வில்லையின் எண்ணைக் காகிதத்தில் வரைவது போலவே ஒவ்வொரு கோடாகப் பார்த்து வரைந்தான். 'கிளா' முடிக்கவே நெற்றியில் வேர்த்துவிட்டது. அதிகாரி பேனாவைத் திருப்பிக் கேட்காமல் காத்திருந்தார். ஐந்து எழுத்தும் மேலும் கீழுமாக விழுந்தன, ஆனால் ஒன்றும் விடுபடவில்லை. அடியில் தேதியை நான் சொல்லச் சொல்ல அவனே போட்டான்: 17-2-1976.