மோட்டாருக்கு மூன்று கோட் பச்சை

என் அத்தான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார். ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிற மனுஷன், ஆசை ஆசையாக வாங்கிய பழைய லேத் மெஷினின் மோட்டாருக்குப் பெயின்ட் அடித்தபோது, விவரத் தகட்டின் மேலேயே மூன்று கோட் பச்சையைப் பூசிவிட்டார். மோட்டாரின் ஜாதகமே அதில்தான் இருந்தது.

மோட்டார் கேட்பது த்ரீ ஃபேஸ் கரண்ட். வீட்டில் இருப்பதோ சிங்கிள் ஃபேஸ். இதை அதாக மாற்றித்தர நடுவில் வி.எஃப்.டி. என்ற டிரைவ் பெட்டி வேண்டும்; வேகத்தைக்கூட அதிலேயே கூட்டிக் குறைக்கலாம். எந்தப் பெட்டி என்பதுதான் தெரியவில்லை.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள சுத்தலன்னா இது பழைய இரும்புக்குப் போகுது. இந்த ரூம்ல நான் டியூஷன் ஆரம்பிக்கணும்," என்று அக்கா கெடு வைத்துவிட்டாள்.

அத்தான் மோட்டாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எடை மெஷினில் ஏறினார். நான் குனிந்து முள்ளைப் பார்த்தேன். தன் எடையைக் கழித்துவிட்டு, டிரைவ் விற்கிற கடைக்குப் போன் போட்டார்.

"மோட்டார் பதினாறு கிலோங்க. எந்த டிரைவ் போடலாம்?"

"எடை பாத்துக் குடுக்க நான் என்ன வெங்காயமா விக்கிறேன்?" என்றார் கடைக்காரர். "எத்தனை ஹெச்.பி., எத்தனை வோல்ட்னு தகட்டைப் பாருங்க. இருநூத்தி முப்பது இருந்தா வீட்டு கரண்ட்லயே டிரைவ் வச்சு ஓட்டலாம். நானூறு மட்டும்னா வேற மோட்டார்தான்."

சுரண்டினால் எழுத்தும் போய்விடுமோ என்று அத்தான் எடுத்த கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அக்காதான் நகப்பூச்சு அழிக்கிற திரவத்தையும் பஞ்சையும் எடுத்து வந்தாள். தேய்த்தாள். முதலில் ஒரு ஹெச்.பி. என்று தெரிந்தது.

"மூணு ஹெச்.பி.யாவது இருக்கும்னு நெனச்சேன்," என்றார் அத்தான்.

"ஒரு குதிரை போதும்," என்றாள் அக்கா. " வீட்ல ஏற்கெனவே ஒண்ணு குதிச்சிட்டிருக்கு."

அடுத்துத் தெரிந்தது 400. அத்தான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அக்கா அத்தோடு பஞ்சைப் போட்டிருந்தால் அறை அவளுடையது. அவளோ இன்னும் கொஞ்சம் ஊற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இடது பக்கம் தேய்த்தாள். ஒரு சாய்ந்த கோடு வந்தது. அதற்கு முன்னால் 230.

அத்தான் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். நான் எழுபத்தெட்டு கிலோ.

ஞாயிறு காலை, ஒரு ஹெச்.பி. டிரைவைப் பொருத்தி அத்தான் குமிழைத் திருப்பினார். லேத் சோம்பல் முறித்து மெதுவாகச் சுற்றி, பிறகு பிடித்ததே வேகம். மூன்று பேரும் காரணமே இல்லாமல் சிரித்தோம்.

"உன் டியூஷன்?" என்றார் அத்தான், தயங்கித் தயங்கி.

"ஹால்ல நடத்திக்கறேன். கொஞ்சம் தள்ளுங்க, அந்தக் குமிழை நான் திருப்பிப் பாக்கறேன்."