நாற்பத்தோராவது மூட்டை

கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், கொழும்புக்குப் போகும் தூளை லொறியில் ஏற்றி அனுப்பும் பகுதிக்கு நான்தான் கிளாக்கர். பதினெட்டு வருடமாக ஒரே மேசை, ஒரே கதவு, அந்தக் கதவு வழியாக வரும் ஒரே குளிர்காற்று. முழங்காலுக்குத் தைலம் தேய்த்துத் தேய்த்து என் மேசையே தைல வாசம் அடிக்கும். அந்த நிலையில்தான் என் தலையில் புது மிஷினைக் கட்டினார்கள்.

கொழும்பிலிருந்து வந்த ஓர் இளம் அதிகாரி அரை நாள் பாடம் எடுத்தார். ஒவ்வொரு கடதாசி மூட்டையிலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். பார்வைக்குச் சாதாரண லேபல்தான். உள்ளே மெல்லிய கம்பியும் கடுகளவு சிப்பும் இருக்கும். லொறி ஏற்றும் கதவின் இரண்டு பக்கமும் பொருத்திய பெட்டிகள் ரேடியோ அலையை அனுப்பி, கடந்து போகும் ஸ்டிக்கர்களின் நம்பரைத் தாமாகவே வாசித்துக்கொள்ளும். கொழும்புக் களஞ்சியத்தின் வாசலிலும் அதே ஏற்பாடு. இங்கே வாசித்ததும் அங்கே வாசித்ததும் ஒத்துப்போனால் சரக்கு பத்திரம்.

"இனிமே எண்ணுற வேலை இல்லை மிஸ். மிஷின் ஒண்ணு சொல்லி ஆள் ஒண்ணு சொன்னா, மிஷின் சொல்றத எழுதுங்க" என்றார் அவர். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். மூட்டையை எண்ணி எண்ணி அலுத்துப்போனவளுக்கு வேறென்ன வேண்டும்?

எண்ணுவதை விடாதவர் எங்கள் லொறி டிரைவர் மட்டும்தான். கொட்டகலைப் பக்கத்துத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருப்பவர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். பத்து மூட்டை ஏறினால் லொறியின் பின்பலகையில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இழுப்பார். மிஷின் வந்த பிறகும் இழுத்தார். கிண்டல் செய்தால், "அது பாக்குறத அது பாக்கட்டும் மிஸ், நான் பாக்குறத நான் பாத்துக்கிறேன்" என்பார்.

அன்று விடிந்ததிலிருந்தே மழை. கரண்டு வருவதும் போவதுமாக இருந்தது. ஏற்றும்போது கதவில் துருத்திக்கொண்டிருந்த ஆணியில் மாட்டி ஒரு மூட்டை கிழிந்தது. பொதி கட்டும் அக்கா ஓடிவந்து டேப் கேட்டார். டேப் முடிந்திருந்தது. மாடி அறைவரை ஏறிப்போய் எடுத்துவர என் முழங்கால் இடம் தரவில்லை. மேசையில் ஸ்டிக்கர் சுருள் கிடந்தது. சில ஸ்டிக்கர்கள் வேலை செய்யாமல் போகும் என்பதால், ஒவ்வொரு தொகுதிக்கும் ஒன்றிரண்டைக் கூடுதலாகவே மிஷினில் பதிந்து வைப்பது என் பழக்கம். மிஞ்சியதில் ஒன்றை உரித்துக் கொடுத்தேன்.

"இத ஒட்டுங்கக்கா, நல்லாப் பிடிக்கும்."

எங்கள் ஆட்கள் கையில் பசையுள்ள எது கிடைத்தாலும் ஓட்டையை அடைப்பதற்குத்தான். குடைக்கும் அதுதான், கூரைத் தகரத்துக்கும் அதுதான். மிஷினுக்கு அந்த ஒட்டுத் துண்டும் ஒரு முழு மூட்டைதான் என்பது அந்த நேரத்தில் என் மரமண்டையில் ஏறவில்லை.

ஏற்றி முடிந்ததும் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "நாலு கோடு. நாப்பது மூட்டைங்க மிஸ்."

திரையில் நாற்பத்தொன்று என்று இருந்தது. அவரும் எட்டிப் பார்த்தார்.

"நாப்பதுதாங்க. வேணுமின்னா இறக்கி எண்ணிப் பாத்துருவமா?"

லொறியை மூடிப் படங்குத் துணி கட்டியாகிவிட்டது. மழை விடவில்லை. கடைசி பஸ்ஸை விட்டால் நான் மூன்று மைல் நடக்க வேண்டும். இறக்கி மறுபடி ஏற்றுவதை நினைத்தாலே உடம்பு சோர்ந்தது.

"மிஷின் பொய் சொல்லுமாண்ணே? நீங்க ஒண்ண விட்டிருப்பீங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு லொறியை எடுத்தார். பொதிப் புத்தகத்தில் அக்கா நாற்பது என்று எழுதியிருந்தார். அதை நானே நாற்பத்தொன்று என்று திருத்தினேன்.

கொழும்பில் லொறி வெளியே நிற்க, மூட்டைகள் மட்டும்தான் வாசலைக் கடக்கும். அங்கே இறங்கியது நாற்பது. நாற்பத்தொன்று புறப்பட்டு நாற்பது சேர்ந்தால் நடுவில் இருந்தது ஒரே ஆள். மறுநாளே அண்ணனை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். களவு என்று முடிவானால் வேலை போய்விடும். விசாரணைக்காக லொறியையும் ஷெட்டில் போட்டுப் பூட்டினார்கள். அதோடு விட்டிருக்கலாம். இரண்டு காவல்காரர்களை அவருடைய லயத்துக்கு அனுப்பி வீட்டைச் சோதித்தார்கள். விறகை இழுத்துப் போட்டு, அரிசி வாளியைக் கவிழ்த்து, பாயை உதறிப் பார்த்தார்களாம். வெளியே பொதுத் தண்ணீர்ப் பீலியில் தண்ணீர் பிடிக்க நின்ற அத்தனை பேரும் பார்த்தார்களாம்.

 இதைக் கேள்விப்பட்டபோதும் நான் சந்தேகப்பட்டது அவரைத்தான், என்னை அல்ல. பிள்ளைகளைப் படிக்க வைக்கிற மனிதன், என்ன கஷ்டமோ என்று பெருந்தன்மையாகப் பரிதாபம்கூடப் பட்டேன். அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து லொறியைத் திறந்துவிட்டார்கள். அண்ணனுக்குப் பதிலாக வந்த வேறொரு டிரைவர் அதைப் பின்பக்கமாக எடுத்துக் கதவோடு ஒட்டி நிறுத்தினார். உள்ளே ஒன்றும் இல்லை. மிஷின் பீப் என்றது. திரையில் ஒன்று என்று விழுந்தது.

"காலி லொறிக்கே கத்துது. மிஷினுக்குப் பேய் பிடிச்சிருச்சு போல மிஸ்" என்று அவர் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வலியைப் பார்க்காமல் லொறியில் ஏறினேன். பக்கப் பலகையின் அடியில், அழுக்கோடு அழுக்காக ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக் கிடந்தது. கொழும்பில் மூட்டையை இழுத்து இறக்கியபோது உரசிக் கழன்றிருக்க வேண்டும். பின்னால் கிழிந்த கடதாசித் துண்டுகூட இருந்தது. நம்பரைப் பார்த்தேன். அன்றைய தொகுதிதான், நான் உரித்துக் கொடுத்ததுதான். அதை உரித்துக் கையில் எடுத்துக்கொண்டேன். 

எங்களுக்கு மேலே இருப்பவர் டீமேக்கர் ஐயா. அவரிடம் ஸ்டிக்கரைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொதிப் புத்தகத்தை எடுத்து அன்றைய பக்கத்தைப் புரட்டினார்.

"இப்ப இதக் கிளப்பினா, பொதிப் புத்தகத்தத் திருத்தினது யாருன்னு கேப்பாங்க. யோசிச்சு எழுதுங்க மிஸ்."

யோசித்தேன். ஒரு நாள் அல்ல, இரண்டு நாள். ஓய்வுபெற இன்னும் எத்தனை வருடம் இருக்கிறது, இந்த முழங்காலோடு வேறு எங்கே போவது என்றெல்லாம் யோசித்தேன். அந்த இரண்டு நாளும் அவர் களவாணிப் பட்டத்தோடு வீட்டில் இருந்தார். மூன்றாம் நாள் காலை, யோசித்து யோசித்தே களைத்துப்போய், நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவரைத் திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்கள். மன்னிப்பு என்று யாரும் ஒரு வரி எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அவர் லயத்துக்குப் போனேன். பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒரே ஏற்றம். என்னைக் கண்டதும் அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் ப்ளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஆணியை, டேப்பை, ஸ்டிக்கரை, புத்தகத்தைத் திருத்தியதை, இரண்டு நாள் தாமதித்ததை. சொல்லும்போது அழுதுவிட்டேன். "மன்னிச்சிருங்கண்ணே" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. அவருக்கும் களைப்பாகத்தான் இருந்திருக்கும்.

"இவ்வளவு தூரம் ஏறி வந்ததுக்குச் சந்தோஷம் மிஸ். ஆனா கதவச் சாத்திக்கிட்டு எங்கிட்ட சொல்லி என்னங்க செய்ய? நான் எடுக்கலைன்னு எனக்குத் தெரியும். வெளிய நின்னு பாத்த சனத்துக்குத்தான் தெரியாது."

எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டார்.

பீலியடியில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். வாளியோடு சிலர், துணியோடு சிலர். நான் வாசலில் இறங்கி நின்றேன். 

"அந்த மூட்டை களவு போகலைங்க" என்றேன். "அப்படி ஒரு மூட்டையே இல்ல. நான்தான் பிழையா எழுதினேன்."

துவைத்துக்கொண்டிருந்த ஒருத்தி துணியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"தண்ணிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலைங்க. என்ன சொன்னீங்க?"

அண்ணன் எனக்குப் பின்னால் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். நான் இன்னும் நாலடி முன்னால் போய், முதலிலிருந்து சத்தமாகச் சொன்னேன்.