எங்கள் மனையில் நின்ற காடு

அன்று எதற்குக் கையை அசைத்தேன் என்பது எனக்கு இன்றும் புரியவில்லை.

ஹைதராபாத்தில் ஐ.டி. வேலை நிலைத்த தைரியத்தில், ராமச்சந்திராபுரம் தாண்டி ஒரு மனை வாங்கினேன். முட்புதர் மண்டிக் கிடந்தது. அதை அகற்றப் பொக்லைன் வந்த ஞாயிறன்று மகளையும் அழைத்துப்போனேன். மறுநாள் அவளுக்குப் பரீட்சை. காடுகளின் வகைகளையும் பயன்களையும் காரிலேயே ஒப்பிக்க வைத்தேன்.

முதல் புதர் பெயர்ந்ததும் ஒரு கவுதாரி குஞ்சுகளோடு ஓடியது. மகள் புத்தகத்தை விரித்தாள்.

"அப்பா, முட்காடுன்னு போட்டிருக்கற படம் இதேதான்."

"அது காடும்மா. இது நம்ம இடம்."

"டிஃபரன்ஸ் என்னப்பா?"

பொக்லைன் ஓட்டுநர் எஞ்சின் வேகத்தைக் குறைத்து, "ஆப்பாலா சார்?" என்றார். வேலையை நிறுத்தவா என்று தெலுங்கில் கேட்கிறார். குழப்பத்தில் கையை அசைத்தேன். தொடரச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்.

முட்காடு கேள்விக்கு அவளுக்கு முழு மதிப்பெண். பெற்றோர் கையெழுத்துக்கு விடைத்தாளை நீட்டினாள். அதே கையால் போட்டுக் கொடுத்தேன்.